அண்ணன் குளித்த பிறகும் வெந்நீர் மிஞ்சுமா?

நிமிர்ந்து நிற்கும் 100 லிட்டர் கலன். உள்ளே 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர்; சுவிட்சை அணைத்தாயிற்று. அண்ணன் குளித்து 50 லிட்டரைத் தீர்த்துவிட்டார். அதே அளவு 28 டிகிரி குழாய்நீர் கலனுக்குள் புகுந்திருக்கிறது. இரண்டும் கலந்தால் 44 டிகிரிதான். நீங்கள் குளிக்கக் குளிக்க அது இன்னும் குறையும்.

நல்லவேளை, அவை எளிதில் கலப்பதில்லை. ஒரு லிட்டர் நீரின் நிறை 28 டிகிரியில் சுமார் 996 கிராம். 60 டிகிரியில் 983 கிராம். இந்த 13 கிராம் வித்தியாசமே போதும். குளிர்நீர் அடியில் தங்க, வெந்நீர் அதன்மேல் மிதக்கிறது. நீர் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், மேலே உள்ள சூடு சட்டென்று கீழே இறங்குவதுமில்லை. இதுவே வெப்ப அடுக்கமைவு. அதனால்தான் குளிர்நீர் அடியில் நுழைகிறது, வெந்நீர் உச்சியிலிருந்து வெளியேறுகிறது. குளிர்நீர் வேகமாகப் பாய்ந்தால் அடுக்கு கலைந்துவிடும் என்பதால், சில கலன்களில் நுழைவாயிலருகே தடுப்புத் தகடு வைக்கிறார்கள்.

ஆனால், அடியில் தேங்கும் வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகலாம். அது கலந்த நீர்த்திவலைகளைச் சுவாசித்தால் நுரையீரல் அழற்சி வரக்கூடும். எனவே, அடிப்பகுதி உட்பட கலன் முழுவதையும் அவ்வப்போது 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டியிருக்கிறது.