சுவரை உடைக்கும் முன் டேப்பை எடுங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிகளிலும் ராஜபாளையத்தின் பழைய தெருக்களிலும் கொல்லைப்பக்கக் கதவை மாற்றி, வெளிச்சம் தரும் கண்ணாடி ஸ்லைடிங் கதவு போட ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் தலைவலி அளவுதான். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பவை 7 அடி உயரக் கதவுகள். பழைய வாசலோ ஆசாரி கணக்குப் பார்த்துச் செய்த நிலைக்கு ஏற்பக் கட்டியது. 5 அடி 2 அங்குலம், 6 அடி 7 அங்குலம் என்று எதிலும் சேராது. "சுவரைக் கொஞ்சம் உடைச்சிரலாம்" என்பதுதான் உடனே வரும் யோசனை. அது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

காரணம் வாசலுக்கு மேலே இருக்கும் லிண்டல். மேற்சுவரின் எடை முழுவதும் அதன்மேல் இறங்குவதில்லை. மேலே போதிய உயரத்துக்குச் சுவர் இருந்தால், பிணைத்துக் கட்டிய செங்கற்கள் பெரும்பகுதி எடையை இருபக்கமும் ஒதுக்கிவிடும். வாசல் அகலத்தை அடியாகக் கொண்ட ஒரு முக்கோணச் சுவரைத்தான் லிண்டல் தாங்குகிறது. 4 அடி வாசல் 6 அடியானால் அந்த முக்கோணத்தின் எடை 2.25 மடங்காகும். அதே தடிமனுள்ள லிண்டல் போட்டால், அந்த எடையால் வரும் தொய்வு ஏழரை மடங்காகும். பழைய லிண்டல் இருபுறச் சுவரிலும் அரையடிதான் உட்கார்ந்திருக்கும் என்றால், பக்கத்துக்கு ஓர் அடி உடைத்ததும் அதற்கு இருப்பிடமே இல்லை.

ஆகவே சுவரை விட்டுவிட்டு நிலையை மாற்றுவதே எளிது. அலுமினியம், யுபிவிசி நிலைகளைப் பட்டறையில் மில்லிமீட்டர் கணக்கில் செய்து தருவார்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சிறியதை எடுக்க வேண்டும். உயரத்துக்கும் அப்படியே. பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். அவை சமமாக இல்லையென்றால் வாசல் கோணலாக இருக்கிறது.

நிலையைச் சுவரோடு இறுக்கவும் கூடாது. வெப்பம் 25 டிகிரி கூடினால் 2 மீட்டர் யுபிவிசி சட்டம் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். செங்கல் சுவர் கால் மில்லிமீட்டர் அளவுதான். இடைவெளியில் சிமென்ட் திணித்தால் சட்டம் வளைந்து, கதவு தண்டவாளத்தில் சிக்கும். சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் விட்டு, ஃபோம் அடித்து, வெளிப்பக்கம் சிலிக்கான் பூசுவதே முறை. தேக்குக் கதவென்றால் கவனிக்க வேண்டியது ஈரம். ஐப்பசி மழையில் மரம் அகலவாக்கில் உப்பும்; நீளவாக்கில் அநேகமாக மாறாது.

வாசல் மிக அகலமென்றால் மிச்ச இடத்தில் அசையாத கண்ணாடி ஒன்றை வைத்துவிடலாம். குறுகலென்றால் ஸ்லைடிங் ஆசையை விடுங்கள். இரட்டைக் கதவு ஸ்லைடிங்கில் பாதி வாசல்தான் திறக்கும். 5 அடி வாசலில் இரண்டரை அடிக்கும் குறைவான வழியில் அண்டாவையோ கட்டிலையோ கொண்டுபோவது சிரமம். திறக்கும் கதவோ மடிப்புக் கதவோ அங்கே பொருந்தும்.

டஃபன்டு கண்ணாடிக்கு மட்டும் அவசரப்பட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள். சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து வலுவூட்டிய அதைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முயன்றால் முழுதும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். தரையில் டைல்ஸ் ஒட்டி, பூச்சு வேலை முடிந்த பிறகே கடைசி அளவு எடுங்கள். லிண்டலில் கைவைத்தே ஆக வேண்டுமென்றால், கொத்தனாரோடு ஒரு கட்டடப் பொறியாளரையும் அழைத்துக் காட்டுங்கள்.