கச்சான் காற்றில் ஒரு கோல்ப் தர்க்கம்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுக்குள் நுழைபவரின் கண்ணுக்கு முதலிற் படுவன வாவியும் வயலும் மேயும் மாடுகளுமே. படுவான்கரை என நம்மவர் வழங்கும் இப்பகுதியில், மாலை வேளைகளில் நால்வர் கூடினால் பேச்சு வெள்ளாமையைப் பற்றியிருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைப் பற்றியிருக்கும். கண்ணகை அம்மன் சடங்கையோ கூத்தையோ பற்றியிருக்கும். இளைஞராயின் கிரிக்கெட். ஆகவே, 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு நாள், அங்குள்ள தேநீர்க்கடையொன்றின் வாங்கில் அமர்ந்து நால்வர் கோல்ப் விளையாட்டைப் பற்றி உரத்த குரலில் தர்க்கித்துக் கொண்டிருக்கக் கேட்டபோது நாம் திகைத்துப் போனோம்.

நால்வருள் மூத்தவர் ஐம்பதைக் கடந்தவர். துபாயில் கோல்ப் மைதானம் ஒன்றிற் பன்னிரண்டு ஆண்டுகள் புல்வெட்டிவிட்டு ஊர் திரும்பியவர். மற்ற மூவரும் அவருக்கு மருமகன் முறையான இளைஞர். அவருள் ஒருவர் பல்கலைக்கழக மாணவர். மாமன் பழக்கிவிட்ட பைத்தியம் மருமக்களையும் பிடித்துக் கொண்டது போலும்! ஒரே கையடக்கத் தொலைபேசியை நால்வரும் சுற்றியிருந்து பார்த்தனர்.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக ஓரிரு வார்த்தை. பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றிலும் பந்தைக் குறைந்த அடிகளில் விழச் செய்தல் வேண்டும். நான்கு நாள், நான்கு சுற்று, மொத்தம் எழுபத்திரண்டு குழிகள். அடிகள் குறைந்தவரே வென்றவர். ஆண்டுதோறும் நடைபெறும் பெரும் போட்டிகள் நான்கு. ஏப்ரிலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ், அதன்பின் பீ.ஜீ.ஏ.; யூனில் அமெரிக்க ஓபன்; யூலையில் எல்லாவற்றுக்கும் மூத்ததான பிரித்தானிய ஓபன். கடைசியிற் கூறிய போட்டி 1860ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் பிரெஸ்ட்விக் என்னுமிடத்தில் எட்டே ஆட்டக்காரருடன் தொடங்கியது. இதனை நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் புரளும் இன்றைய கோல்ப் உலகத்தினர் அடிக்கடி நினைத்துக் கொள்வது நல்லது.

அவ்வாண்டு அப்போட்டி வட அயர்லாந்தின் போர்ட்ரஷ் கடற்கரையில் நடைபெறவிருந்தது. வெல்லப்போவது யார் என்பதே கடையிலெழுந்த தர்க்கம். மாணவர் ஸ்கொட்டி ஷெஃப்ளரின் கட்சி. அப்போது உலக வரிசையில் முதலிடம் வகித்தவர் அந்த அமெரிக்கர். மே மாதத்திற் பீ.ஜீ.ஏ. கிண்ணத்தையும் வென்றிருந்தார். மாமனோ ரொறி மக்கில்ரோயின் கட்சி. மக்கில்ரோய் வட அயர்லாந்தின் மைந்தர். பதினாறு வயதிலேயே இதே போர்ட்ரஷ் மைதானத்தை 61 அடிகளில் முடித்தவர். 2014இன் பின் பதினோர் ஆண்டுகள் பெரும் போட்டி எதனையும் வெல்லாது தவித்து, 2025 ஏப்ரிலில் மாஸ்டர்ஸை வென்று, நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற ஆறாவது மனிதர் என்ற பெருமையை எய்தியவர். துபாய்ப் போட்டியை அவர் 2015இல் வென்றபோது நம் பெரியவர் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தில் நின்று கண்ணாற் கண்டவர். கண்டவருக்கும் கேட்டவருக்கும் பேதமுண்டல்லவா?

“2019இல் இதே ஊரில முதல் அடியையே எல்லைக்கு வெளியில அடிச்சவர் மாமா உங்கட ஆள்” என்றார் மாணவர். உண்மைதான். அம்முறை முதற் குழியிலேயே எட்டு அடிகள் சென்று, இரண்டாம் நாளோடு மக்கில்ரோய் வெளியேற நேர்ந்தது. சொந்த ஊராரின் எதிர்பார்ப்பைச் சுமந்து கொண்டு ஆடுவது இலேசான காரியமன்று.

கொம்பு விளையாட்டில் வடசேரி, தென்சேரி எனக் கட்சி பிரிந்து நின்ற மண்ணல்லவா? கட்சி கட்டுவதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயினும், பெரியவர் இதற்களித்த விடை நாம் எதிர்பாராத ஒன்று. “பேரைப் பாத்துச் சொல்லாத மருமகன். நிலத்தைப் பாத்துச் சொல்லு” என்றார்.

அதன்பின் அவர் கூறியவற்றை நாம் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. குழியைச் சுற்றியுள்ள புற்றரையை மூன்று மில்லிமீற்றர் அளவில் வெட்டுவார்களாம். வைகறையிலேயே வெட்டி முடித்தாக வேண்டும். குழியின் இடத்தை நாள்தோறும் மாற்றுவார்கள். புல்லின் இலை சாய்ந்திருக்கும் பக்கமாக உருட்டினால் பந்து விரையும். எதிர்ப்பக்கமாக உருட்டினால் தயங்கும். துபாய் மைதானங்களில் விரித்திருக்கும் பெர்முடாப் புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகின் இனமே என்று அவர் கூறியபோது கடைக்காரரும் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் செவிசாய்த்தார். போர்ட்ரஷ்ஷில் அந்தப் புல் இல்லை. அங்கே கடலோர மணல் மேடுகளில் மெல்லிய வன்புல். தரை கடினம், பந்து விழுந்த இடத்தில் நில்லாது, தாவி ஓடும். அதற்கு மேலாகக் காற்று.

காற்றென்றால் வவுணதீவாருக்கு விளக்க வேண்டுமா? அந்த நேரத்திலும் கச்சான் வீசிக் கொண்டுதான் இருந்தது. எதிர்க்காற்றில் பந்தை உயர்த்தியடிப்பவன் மோசம் போவான். தாழ்த்தி அடித்து, மீதியைத் தரையிடம் ஒப்படைப்பவனே பிழைப்பான் என்பது பெரியவரின் சித்தாந்தம். போடியார் வரம்பில் நின்று விளைச்சற் கணக்குக் கேட்பார். எந்த மூலையில் நீர் தேங்கும், எங்கே வடியும் என்பதை இருட்டிலும் அறிந்தவன் முல்லைக்காரன் அல்லவா? கோல்ப் உலகின் முல்லைக்காரரை நாம் அன்று கண்டோம்.

“நீங்கள் ஆடுவதுண்டோ?” என்று கேட்டோம். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பந்தையேனும் அடித்ததில்லை என்றார். பணியாளர் ஆடுவதற்கு அங்கே வழியிருக்கவில்லையாம். முறைப்பாடாக அவர் அதைக் கூறவில்லை. ஆனால், சற்று நேரம் வாங்கில் எவரும் பேசவுமில்லை.

மாணவரே மௌனத்தைக் கலைத்தார். “புல்வெட்டினவன், கோல் சுமந்தவன் எவனாவது இப்படிப் போட்டியில வெண்டிருக்கானா மாமா?”

வென்றிருக்கிறார்கள். 1913இல் அமெரிக்க ஓபனை வென்ற பிரான்சிஸ் ஊய்மெட், அதே மைதானத்திற் கோல் சுமந்து வளர்ந்த இருபது வயதுப் பையன். இங்கிலாந்திலிருந்து வந்த இரு ஜாம்பவான்களை அவன் வென்றபோது அவனுக்குக் கோல் சுமந்தவன் பத்து வயதுச் சிறுவன். ஆர்ஜென்டீனாவின் ஏஞ்சல் கப்ரேராவும் கோல் சுமந்தவரே; 2007இல் அமெரிக்க ஓபன், 2009இல் மாஸ்டர்ஸ். நம் நாட்டிலும் கோல்ப் புதிதன்று. 1879இல் வெள்ளையர் காலிமுகத்திடலில் ஆடத் தொடங்கி, பின்னர் பொரளைப் பக்கம் சென்று அமைத்த கொழும்பு மைதானத்தின் நடுவே இன்றும் புகையிரதம் ஓடுகிறது. நுவரெலியாவிலும் திகனையிலும் மைதானங்களுண்டு. இந்தியத் தொழில்முறைச் சுற்றுப்போட்டிகளில் வென்றிருக்கும் தங்கராஜா நம் நாட்டுத் தமிழர். இவரது பெயர் நம் பாடசாலைப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனினும், அந்த இளைஞருக்கு நாம் கூறியது வேறொருவர் கதை. பிரெஸ்ட்விக்கில் எட்டுப் பேர் கோல்ப் ஆடிய அதே 1860ஆம் ஆண்டு நவம்பரில், சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையில் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கியது. அவ்வாறு சென்றவர்களாற் பெருகிய டேர்பன் இந்தியச் சமூகத்திற் பிறந்தவர் பப்வா செவ்கோலும். சிறுவயதில் வெள்ளையர் மைதானத்திற் கோல் சுமந்தார். கற்றுத்தர எவருமில்லை, தாமே கற்றார். வலக்கையர் கோலைப் பிடிக்கையில் வலக்கை கீழே இருப்பதே உலக வழக்கம். செவ்கோலுமுக்கோ இடக்கை கீழே! பார்த்தவர் நகைத்திருப்பர். நகைத்தவர் வாயடைக்க, 1959இல் ஒல்லாந்து ஓபனை வென்றார். 1960இலும், 1964இலும் மீண்டும் வென்றார்.

சொந்த ஊரிலே ஆடுவதற்குத்தான் தடை. நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட காலம் அது. 1963இல் ஒருவாறு அனுமதி கிடைத்து டேர்பனில் நேட்டால் ஓபனில் இறங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையருக்கு நடுவே இவரொருவர். வென்றார். பரிசளிப்பு வேளையில் மழை பெய்தது. வெள்ளையர் மனைக்குள்ளே நிற்க, வென்றவர் மழையில் நனைந்தபடி வெளியே நின்று கிண்ணத்தைப் பெற்றார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்து தென்னாபிரிக்க அரசைத் தலைகுனிய வைத்தது. அதே ஆண்டு பிரித்தானிய ஓபனிற் பதின்மூன்றாம் இடத்தைப் பகிர்ந்து கொண்டார். 1965இல் மீண்டும் நேட்டால் ஓபன். இம்முறை தோற்றவர்களுள் ஒருவர், அவ்வாண்டில் நான்கு பெரும் போட்டிகளையும் வென்று முடித்த கேரி பிளேயர்! பொறுப்பார்களா? அனுமதி மறுக்கப்பட்டது. ஆடவேண்டிய ஆண்டுகள் வீணே கழிந்தன. 1978இல் அவர் காலமானார். இன்று டேர்பனில் ஒரு கோல்ப் மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரியவர் இக்கதையை முன்னர் கேட்டதில்லை. “மழையில நிண்டா வாங்கினவர்?” என்று இரண்டு முறை கேட்டார்.

போட்டியின் இறுதிச் சுற்று ஞாயிறன்று. அங்கே பிற்பகலெனில் இங்கே இரவு. ஷெஃப்ளர் நான்கு அடிகள் முன்னிலையுடன் தொடங்கி, நான்கு அடிகள் வித்தியாசத்திலேயே வென்றார். பதினேழு அடிகள் சம அளவுக்குக் கீழே. மக்கில்ரோய்க்கு ஏழாம் இடம், அதுவும் பிறரோடு பகிர்ந்து. மாணவரின் கட்சி வென்றது. ஆனால், பந்தைத் தாழ்த்தி அடித்துத் தரையிடம் ஒப்படைத்தவரே வென்றார் என்று மாமனும் சாதித்தார். தோற்ற கட்சி வென்றதாகப் பேசுவதும் நமக்குப் புதிதல்லவே.

அடுத்த கிழமை நாம் மீண்டும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. வாவிக்கரையில் மாடுகள் கடித்துக் கடித்து ஒட்ட மேய்ந்த அறுகந்தரையில் சிறுவர் கூட்டமொன்று நின்றது. ஸ்கொத்லாந்தின் பழைய மைதானங்களிலும் ஆடுகள் மேய்ந்தே புல் குறுகியதாகச் சொல்வர். ஒரு மூலையில் நாட்டிய தடியில் சிவப்புத் துணி. அதனடியில் பால்மாப் பேணி ஒன்றைப் புதைத்துக் குழியாக்கியிருந்தனர். பெரியவரின் கையில் நுனி வளைந்த கொய்யாக் கம்பு. பந்து, துபாயிலிருந்து பெட்டியில் வந்ததாம். புற்றரையிற் கிடந்து கண்டெடுத்தது.

கச்சான் முகத்தில் அறைந்தது. பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக் கொண்டு, குனிந்து புல்லைத் தடவிப் பார்த்து, பின்பு அடித்தார். பந்து தாழ்ந்து சென்று, தரையிலே தாவி ஓடியது. ஏழாவது அடியிற் பேணிக்குள் விழுந்தது.

“நாலில விழுந்திருக்க வேணும்” என்றார் அவர், காற்று வந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தவாறே.