உதவுபவரா, ஒத்துப்போகிறவரா?

மனித இயல்புகளை ஒன்பது வகைகளாகப் பிரித்துக் காட்டும் முறை என்னியாகிராம். பொலிவியாவில் பிறந்த ஆஸ்கர் இச்சாசோ வகுத்ததை, 1970களின் தொடக்கத்தில் சிலி நாட்டு மனநல மருத்துவர் கிளாடியோ நரஞ்சோ அமெரிக்காவின் பெர்க்லியில் கற்பித்து விரிவாக்கினார்.

இதில் இரண்டாம் வகையினரையும் ஒன்பதாம் வகையினரையும் பிரித்தறிவதில்தான் பலருக்கும் குழப்பம். இருவருமே இனிமையாகப் பழகுவர். 'முடியாது' என்ற சொல் இருவர் வாயிலும் எளிதில் வராது.

சாப்பிட எங்கே போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். "உங்களுக்கு அந்தக் கடைதானே பிடிக்கும்!" என்று இரண்டாம் வகையினர் முந்திக்கொள்வார். ஒன்பதாம் வகையினரோ, "எங்கே என்றாலும் சரி" என்பார். முன்னவருக்குத் தாம் பிறருக்குத் தேவைப்பட வேண்டும் என்ற ஏக்கம். பின்னவர் அமைதி குலையக்கூடாது என்பதற்காகத் தம் விருப்பத்தையே மறந்துவிடுகிறவர். இது பெருந்தன்மை போலத் தெரியும், உண்மையில் அப்படியன்று.

கோபம் வரும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். நன்றி கிடைக்காத இரண்டாம் வகையினர், "இத்தனை செய்தேனே!" என்று கொட்டித் தீர்ப்பார். ஒன்பதாம் வகையினர் வாதாடமாட்டார். தலையாட்டிவிட்டு, சொன்ன வேலையை நாள்கணக்கில் கிடப்பில் போடுவார். அந்தத் தலையாட்டலைச் சம்மதமென நம்பிய கணவனோ மனைவியோ, பல ஆண்டுகள் கழித்து அதிர்ந்துபோவதுண்டு.

இம்முறைக்கு வலுவான அறிவியல் சான்று இல்லை என்று உளவியல் ஆய்வாளர்கள் பலர் கூறுகின்றனர். ஆகவே வேலைக்கு ஆளெடுக்க இதை அளவுகோலாக்குவது சரியன்று. வீட்டில் பயன்படுத்தலாம். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். ஒன்பதாம் வகையினரிடமிருந்து பதில் உடனே வராது.