கொழும்பு வழியாக வரும் மிளகு

வியட்நாமில் விளைந்த மிளகு நேராகக் கொச்சித் துறைமுகத்தில் இறங்கினால் 50 சதவீதச் சுங்கவரி. அதே மிளகு, இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழோடு கொழும்பிலிருந்து வந்தால் 8 சதவீதம். ஆண்டுக்கு 2,500 டன் என்ற ஒதுக்கீட்டுக்குள் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. சலுகை ஒப்பந்தம் எதிலும் சேராத நாட்டிலிருந்து வந்தால் 70 சதவீதம். கொச்சி மட்டாஞ்சேரியின் வியாபாரிகளும் இடுக்கி, வயநாடு, குடகு விவசாயிகளும் தில்லிக்கு எழுதி அனுப்பிய மனுக்களை எடுத்துப் பார்த்தால், எல்லாம் இந்த எண்களைச் சுற்றித்தான் இருக்கும்.

மட்டாஞ்சேரியில் நிர்ணயமாகும் விலை கேரளத்தோடு நிற்பதில்லை. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் மிளகு போட்டவர்களும் ‘கொச்சி மார்க்கெட்’ என்ன சொல்கிறது என்று பார்த்துத்தான் மூட்டையை அவிழ்க்கிறார்கள். யூதத் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கம், உலகுக்கே மிளகு முன்பேர வணிகம் நடத்திய இடமாக ஒரு காலத்தில் இருந்தது. இன்று பஜார் ரோட்டின் பழைய பண்டகசாலைகளில் பல, கலைப்பொருள் கடைகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவிட்டன. மிச்சமிருக்கும் கிடங்குகளில் மிளகை இன்னமும் கையால் பார்க்கிறார்கள். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் பொக்கு பறந்துவிடும். பிறகு லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவுக் குவளையில் நிரப்பித் தராசில் வைத்தால் 550 கிராம் நிற்கிறதா, 500-தான் நிற்கிறதா என்பதைப் பொறுத்து விலை மாறும். தோட்டத்திலிருந்து வந்தபடி இருப்பது அன்கார்பிள்டு, சலித்துத் தூற்றிச் சுத்தம் செய்தது கார்பிள்டு.

வரியில் இத்தனை வித்தியாசம் எப்படி வந்தது? இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் கையெழுத்திட்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மிளகு விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பிறகு வரியில்லா மிளகுக்கு 2,500 டன் என்ற வரம்பு வந்தது. அதற்கு மேல் வருவது, தெற்காசிய நாடுகளின் பொது ஒப்பந்தத்தின் கீழ் 8 சதவீத வரியில் வரலாம். வியட்நாம் உள்ளிட்ட ஆசியான் நாடுகளோடு செய்த ஒப்பந்தம் தனிக்கதை. அது 2010 ஜனவரியில் அமலானது. மிளகு, தேயிலை, காப்பி, பாமாயில் ஆகியவற்றைத் தனிப் பட்டியலில் வைத்து, மிளகின் வரியை 70-லிருந்து படிப்படியாக 50-க்குக் குறைத்து, 2019 முடிவோடு அங்கேயே நிறுத்தினார்கள். கேரளத்தில் அன்றைய ஆளும் இடதுசாரிகள் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து 2009 அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைத்தார்கள். ஆசியான் வாசலில் இத்தனை காவல் இருந்தும், மிளகு விலையை உலுக்கிய சரக்கு பக்கத்து வாசல் வழியாக வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டில் மிளகு கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமிலிருந்து நேராக வந்தால், அடிப்படைச் சுங்கவரி சேர்த்து 375. இலங்கைச் சான்றிதழோடு வரியில்லாமல் வந்தால் 250. கிலோவுக்கு 125 ரூபாய் என்றால், 25 டன் சரக்கில் 31 லட்சத்து 25 ஆயிரம். ஒரு காகிதத்தில் நாட்டின் பெயரை மாற்றினால் கிடைக்கும் பணம் இது. இரண்டு நாடுகளுக்கு இரண்டு வரி வைத்து, இடைவெளியையும் இவ்வளவு பெரிதாக விட்டால், சரக்கு குறைந்த வரி உள்ள பாதையைத் தேடிப் போகத்தான் செய்யும்.

2015-ல் கிலோ 700 ரூபாயைக் கடந்த மிளகு, 2018-ல் 400-க்கும் கீழே இறங்கியது. விலை சரிந்ததற்கு இறக்குமதி மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமல்ல. வியட்நாமில் ஒரு ஹெக்டேரில் கிடைக்கும் மகசூல் நம்முடையதைப் போலப் பல மடங்கு. அங்கே விளைச்சல் பெருகி உலக விலையே விழுந்தது. நம் பக்கத்தில் வாடல் நோயும் வயதான கொடிகளும் கூலியும் விவசாயியை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் 50 சதவீத வரி தன்னைக் காக்கும் என்று நம்பித் தோட்டத்தில் பணம் போட்டவருக்கு, அந்த வரி உண்மையில் வசூலாகவே இல்லை என்று தெரியவருவது பெரிய அநியாயம்.

2017 டிசம்பரில் மத்திய அரசு ஒரு தீர்வு சொன்னது. காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்த்துக் கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மிளகை இறக்குமதி செய்யக் கூடாது. 2018-ல் அந்த விதி இன்னும் கடுமையாகி, 500-க்குக் கீழே உள்ள மிளகு தடை செய்யப்பட்ட சரக்கு என்றே ஆனது. பார்க்க உறுதியான விதிதான். ஆனால் வரி வித்தியாசத்தை அது தொடவில்லை, கோளாறு அங்கேதான். 250 ரூபாய்ச் சரக்குக்கு 500 என்று பில் போடுவதாக வைத்துக்கொள்வோம். வியட்நாம் வழியில் அந்தப் பொய்க்கு 250 ரூபாய் வரி கட்ட வேண்டும், கட்டுபடியாகாது. இலங்கை வழியில் 8 சதவீதம், அதாவது வெறும் 40 ரூபாய். அதிகமாக அனுப்பிய 250 ரூபாய் வேறு வழியில் திரும்பி வந்துவிட்டால், மிளகின் அடக்கவிலை 290-தான். பில் தொகையை ஏற்றிக் காட்டுகிறார்கள் என்று வணிகர்களும் விவசாயிகளும் புகார் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. நேர்வழியில் வருபவருக்குப் பூட்டு விழுந்தது, குறுக்குவழியில் வருபவருக்கு விழவில்லை.

சமையலறைக்கு இதனால் என்ன? ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒரு கிலோ மிளகு வாங்குகிறது என்றாலும், மேலே சொன்ன கணக்கில் வரியால் கூடும் சுமை 125 ரூபாய். நூறு கிராம் பாக்கெட்டுக்குப் பன்னிரண்டரை. ஆண்டுக்கு 500 கிலோ எடுக்கும் விவசாயிக்கோ அதே 125 ரூபாய், 62,500 ஆகிவிடுகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ அடுத்த ஆண்டின் உரமோ அதில் அடங்கிவிடும். வாங்குபவரிடம் சிறிது எடுத்து விளைவிப்பவருக்குக் கொடுக்கும் ஏற்பாடுதான் சுங்கவரி. மிளகைப் பொறுத்தவரை அந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். வரி ஏய்ப்பில் மிச்சமாகும் பணம் மளிகைக் கடை வரை வருவதும் இல்லை. மொத்த விலை பாதியாகக் குறைந்த ஆண்டுகளில் பாக்கெட் மிளகுத்தூள் பாதி விலைக்கு விற்கவில்லை என்பதை வீட்டுக்கணக்கு எழுதுபவர்கள் அறிவார்கள். அதாவது விவசாயி இழந்தது நுகர்வோருக்குப் போய்ச் சேரவில்லை.

இறக்குமதியே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. கொச்சியைச் சுற்றிலும் மிளகுச் சாறும் எண்ணெயும் எடுத்து உலகெங்கும் அனுப்பும் ஆலைகள் இருக்கின்றன. கோலஞ்சேரியின் சிந்தைட் 1972-லிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறது. காரம் மிகுந்த இலங்கை மிளகும், முற்றாத லேசான மிளகும் இந்த ஆலைகளுக்குத் தேவை. ஏற்றுமதி செய்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையோடு வரியில்லாமல் மூலப்பொருள் கொண்டுவர முன்அனுமதித் திட்டம் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களின் பிழைப்பும் கணக்கில் வர வேண்டியதுதான்.

மாத்தளையிலும் கண்டியிலும் மிளகு பயிரிடும் சிறு விவசாயிகளை நம் பக்கத்தில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அவர்களின் மிளகுக்குப் பெரிய சந்தை இந்தியாதான். இலங்கைப் பெயரில் வேறு நாட்டு மிளகு வந்தால், முதலில் கெடுவது அவர்களின் பெயர். கொச்சியில் சந்தேகம் கிளம்பும்போதெல்லாம் நல்ல சரக்குக்கும் விலை இறங்குகிறது. ஒதுக்கீட்டு 2,500 டன்னை யாரோ நிரப்பிவிட்டால் உண்மையான மாத்தளை மிளகு 8 சதவீதம் கட்டி வர வேண்டியிருக்கிறது. இடுக்கி விவசாயியும் மாத்தளை விவசாயியும் இதில் எதிரெதிர்த் தரப்பு அல்ல.

மிளகோடு முடியும் பிரச்சினையும் அல்ல இது. 2024 செப்டம்பரில் இந்தியா சமையல் எண்ணெய்க்கு வரியை உயர்த்தியது. உடனே நேபாளத்திலிருந்து வரியில்லாமல் வரும் எண்ணெய் பெருகியது. நேபாளத்தில் எண்ணெய்ப்பனை கிடையாது. வரியைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் குறுக்குவழிக்குக் கிடைக்கும் லாபமும் கூடுகிறது. 2020 செப்டம்பர் 21 முதல், சரக்கு எங்கே விளைந்தது, எப்படித் தயாரானது என்ற விவரங்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும் என்று சுங்க விதி சொல்கிறது. தேவையான விதி. ஆனால் ஒரு மிளகு மணியின் பிறந்த ஊரைச் சுங்க அலுவலகத்தில் நின்று கண்டுபிடிப்பது எளிதல்ல.

கொச்சியில் மிளகு கிலோ 600-ஐத் தாண்டி விற்கும்போது இந்தப் பேச்சு அடங்கிவிடும். உலக விலையே 500-ஐத் தாண்டிவிட்டால் 2017-ல் போட்ட தடைக்கும் வேலை இருக்காது. விலை நன்றாக இருக்கும் காலத்தில்தான் விதிகளைச் சரிசெய்ய வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்தின் மறுஆய்வை 2025-க்குள் முடிப்பது என்று இரு தரப்பும் 2023-ல் தீர்மானித்திருந்தன. அந்த மேசையில் 50 சதவீதம் அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்பதோடு கேரளம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. சான்றிதழில் ஏற்றுமதியாளர் பெயர் மட்டும் போதாது, மிளகு எந்த மாவட்டத்தில், எந்தப் பருவத்தில் வாங்கப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். இலங்கையின் அந்த ஆண்டு விளைச்சலோடும் உள்நாட்டுத் தேவையோடும் ஏற்றுமதி அளவைக் கொழும்பும் கொச்சியும் மாதந்தோறும் ஒத்துப்பார்க்க வேண்டும். கேரளத்தில் மிளகு பறிக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை வரியில்லா ஒதுக்கீட்டைத் திறக்காமல் இருந்தாலே, புது மிளகோடு சந்தைக்கு வரும் சிறு விவசாயிக்கு அந்த நான்கு மாதங்களிலாவது ஒழுங்கான விலை கிடைக்கும்.