கல்லோடு வந்த விருந்தாளி

என் பவளத்தொட்டியில் முதலில் கண்ட புழுவை அருவருப்பில் கொன்றுவிட்டேன். அது செய்த குற்றம் எதுவுமில்லை.

கடையில் வாங்கும் உயிர்ப்பாறையின் துளைகளில் ஒளிந்தே இவை வருகின்றன. இளஞ்சிவப்பு உடலும் பக்கவாட்டில் வெள்ளை முட்களும் கொண்டவை பெரும்பாலும் துப்புரவாளர்கள். மிஞ்சிய தீனியைத் தின்பவை. அவை பெருகினால், நாம் அதிகமாகத் தீனி போடுகிறோம் என்று பொருள்.

இரவில், சிவப்பு விளக்கில் தலையைப் பாருங்கள். ஐந்து உணர்கொம்புகளும் வலிய தாடையும் தெரிந்தால் எச்சரிக்கை: அது யூனிசிட் இனம். 2009இல் இங்கிலாந்தின் நியூகீ மீன் காட்சியகத்தில் பவளங்கள் குதறப்பட்டுக் கிடந்தன. பாறைகளைப் பிரித்தபோது 4 அடிப் புழு அகப்பட்டது.

எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். முள் தைத்தால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுங்கள். வீக்கம் கூடினால் மருத்துவரிடம் செல்லுங்கள். செவிலியாகச் சொல்கிறேன்: முதலில் நோயறிதல், பிறகுதான் சிகிச்சை.