மலைப்பாதையில் முதலுதவி: பாதி கணினியில், பாதி கானகத்தில்

மே மாதம் வந்தால் வடக்கே வாழும் நம் வீடுகளுக்குப் பள்ளியிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ ஒரு காகிதம் வரும். பிள்ளை இமயமலை நடைப்பயணத்துக்குப் போகிறான், பெற்றோர் சம்மதம் தேவை, எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் சொல்லாமலேயே நாம் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். "டேராடூன் வரைக்கும் ரயில், அப்புறம் ஜீப், அப்புறம் நாலு நாள் நடை. அவ்வளவுதாம்பா!" என்று பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அந்த நாலு நாளில் ஒருவருக்கு உடம்புக்கு வந்துவிட்டால் யார் பார்ப்பார்கள், அவருக்கு என்ன தெரியும் என்று நாம் கேட்பதில்லை. 2022 வரை நானும் கேட்டதில்லை.

அந்த வருஷம் என் மகள் போன குழு சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டிருந்தது. மாலையில் ஒரு பையனுக்குத் தலைவலி, குமட்டல். வழிகாட்டி, "மலைன்னா இப்படித்தான், டீ குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டார். காலையில் பையன் எழுந்து நடந்தபோது குடித்தவன் போலத் தள்ளாடினான். அதன் பொருள் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தற்செயலாக அந்த வழியே இறங்கிக்கொண்டிருந்த வேறொரு குழுவின் தலைவி அவனைப் பார்த்தாள். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள். அவனால் முடியவில்லை. "ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க, இப்பவே கீழே இறக்குங்க" என்று சொல்லி, தானே ஏற்பாடு செய்து இறக்கினாள். கீழே வந்ததும் பையன் தெளிந்துவிட்டான். அவள் மருத்துவர் அல்ல. கானக மருத்துவப் பயிற்சி பெற்றவள், அவ்வளவுதான். என் மகள் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினாள். அப்போது நான் தெரிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நகரத்து முதலுதவி போதாதா?

நாம் பள்ளியிலும் அலுவலகத்திலும் கற்ற முதலுதவியின் அடிப்படை ஒன்றுதான்: ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைக் காப்பாற்று. 108-க்குப் போன் செய்தால் சிறிது நேரத்தில் வண்டி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுந்த பாடம் அது. மலையிலோ காட்டிலோ போனும் எடுக்காது, வண்டியும் வராது. மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட தூரத்தில் இருந்தாலே அதைக் 'கானகம்' என்று கணக்கில் கொள்வது இத்துறையின் வழக்கம். நடைமுறையில் அது ஒரு முழு நாளாகவும் ஆகலாம். அத்தனை நேரமும் நோயாளியைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், சோறு கொடுக்கலாமா என்று தீர்மானிக்க வேண்டும். காயத்தைக் கழுவ வேண்டும். இரவில் யார் விழித்திருப்பது, தூக்கிக்கொண்டு போவதா, உதவி வரும்வரை காத்திருப்பதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். இதெல்லாம் நகரத்துப் பாடத்தில் கிடையாது.

இந்தப் படிப்பு அமெரிக்காவில் 1970-களில் உருவாகத் தொடங்கியது. கானக மருத்துவத்துக்கென்று மருத்துவர்களின் சங்கம் ஒன்று அங்கே 1983-இல் ஏற்பட்டது. இன்று பயிற்சி பொதுவாக இரண்டு படிகளில் தரப்படுகிறது. முதல் படி 'வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் எய்ட்', சுமார் 16 மணி நேரம், இரண்டு நாள். அடுத்தது 'வில்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்', சுமார் 70 முதல் 80 மணி நேரம். குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

கலப்பு முறை ஏன் வந்தது?

எண்பது மணி நேரப் படிப்பு என்றால் ஒன்பது பத்து நாள் ஒரே இடத்தில் தங்கவேண்டும். வேலைக்குப் போகிறவர் யாருக்கு அத்தனை விடுப்பு கிடைக்கும்? தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. அதனால் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியதை வீட்டிலேயே இணையவழி படித்துவிட்டு, கையால் செய்து பழக வேண்டியதற்கு மட்டும் நேரில் வரும் முறை உருவானது. கொரோனா வந்த 2020-க்குப் பிறகு இது நன்றாகப் பரவிவிட்டது. இந்த முறையில் நேரடிப் பயிற்சி ஐந்து நாள் அளவுக்குச் சுருங்குகிறது. படிப்பு சுருங்குவதில்லை, அதன் ஒரு பகுதி இடம் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கணினிப் பாதி

இணையப் பகுதி அத்தியாயங்களாக இருக்கும். ஒவ்வொன்றிலும் சிறு காணொளிகள், வாசிக்க வேண்டிய பக்கங்கள், ஒரு கற்பனை நோயாளியின் கதை, கடைசியில் கேள்விகள். கேள்விகளில் தேறாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போக முடியாதபடி பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். நேரடிப் பயிற்சி தொடங்கும் நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்திருக்க வேண்டும்.

இங்கே கற்பது காரண காரியம். உயரம் கூடக்கூட காற்றின் அழுத்தம் குறைகிறது. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் மலை நோய் வரலாம். தலைவலியோடு குமட்டல், சோர்வு, தலைசுற்றல் சேர்ந்தால் அது முதல் நிலை. தள்ளாட்டமும் குழப்பமும் வந்தால் மூளை வீங்குகிறது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இந்த இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது விதி.

இந்த அறிவில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து நேராக உயரமான எல்லைக்கு அனுப்பப்பட்ட நம் வீரர்கள் பலர் குண்டடி படாமலேயே இந்த நோயால் விழுந்தார்கள். அவர்களைக் கவனித்த ராணுவ மருத்துவர்களில் மேனன் 1965-லும், இந்தர் சிங் குழுவினர் 1969-லும் வெளியிட்ட ஆய்வுகள் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுபவை. இந்தர் சிங் குழுவினர் ஆராய்ந்தது 1,925 வீரர்களை.

வீட்டில் படிப்பதில் ஒரு லாபம், பிடிபடாத இடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. நோயாளி என் மனைவி. ஒரு மாதத்தில் அவள் எத்தனை முறை மலையிலிருந்து விழுந்தாள் என்று கணக்கில்லை.

கைப் பாதி

நேரடிப் பயிற்சியின் முதுகெலும்பு, நோயாளியைச் சோதிக்கும் ஓர் ஒழுங்குமுறை. விபத்தைக் கண்டதும் ஓடக் கூடாது. நின்று பார்க்க வேண்டும். கல் இன்னும் உருள்கிறதா? எனக்கு ஆபத்து உண்டா? எத்தனை பேருக்கு அடி? உதவப் போனவரும் விழுந்தால் நோயாளி இரண்டாகிவிடும். பிறகுதான் அருகே போவது. மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு வருகிறதா, நாடி இருக்கிறதா, எங்காவது ரத்தம் பீறிடுகிறதா, முதுகெலும்பில் அடியா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ரத்தத்தைக் கண்ணால் மட்டும் தேடினால் போதாது. மழைச்சட்டைக்கு உள்ளே கையை விட்டுத் துழாவி, கை நனைகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து உச்சி முதல் பாதம் வரை தொட்டுச் சோதனை. பிறகு நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, தோலின் நிறமும் ஈரமும், நினைவுத் தெளிவு. இவற்றை நேரம் போட்டு எழுதி, மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்த எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பேசும். கடைசியில் நோயாளி சொன்னது, நாம் கண்டது, என்ன பிரச்சினை, என்ன திட்டம் என்று நான்கு பகுதியாக ஒரு குறிப்பு. அதுவே பின்னர் மருத்துவரின் கைக்குப் போகும்.

பாடம் பத்து நிமிஷம்; உடனே வெளியே போய் நாடகம். ஒருவர் நோயாளி. அவருக்குப் பொய் ரத்தம் பூசி, ரகசியமாக ஒரு கதையும் சொல்லி அனுப்புவார்கள். மற்றவர்கள் காப்பாற்ற வேண்டும். மழை பெய்தால் மழையில், இருட்டினால் இருட்டில். தூங்கும் பாயையும் துப்பட்டாவையும் வைத்து ஒடிந்த காலுக்குக் கட்டுப் போடுவது, குளிரில் நடுங்குகிறவரை ஈரம் களைந்து, படுக்கைப் பையும் தார்ப்பாயும் சுற்றிக் கொழுக்கட்டைபோல் மூடுவது, குடிக்கத் தகுந்த தண்ணீரைப் பீய்ச்சிப் புண்ணைக் கழுவுவது எல்லாம் அங்கே பழகுவதுதான். நினைவிழந்தவரைக் கட்டிலில் கட்டித் தூக்க ஆறு பேர் வேண்டும், சில நூறு அடியிலேயே ஆள் மாற்ற வேண்டும் என்று படிக்கலாம். தோளில் சுமக்கும்போதுதான் 'இவரைத் தூக்க நம் குழுவால் முடியாது, ஆள் அனுப்பி உதவி கேட்போம்' என்று முடிவெடுக்கும் தெளிவு வருகிறது.

மார்பு அழுத்தமும் அப்படியே. நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் என்று மனப்பாடம் செய்துவிடலாம். பொம்மைமேல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பாருங்கள், வேர்த்துவிடும். ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து எது சரி, எது தவறு என்று பேசுவார்கள். அங்கே செய்த தவறுக்கு உயிர்ச்சேதம் இல்லை. அதுதான் அந்தப் பயிற்சியின் மதிப்பு.

இதில் உள்ள ஓட்டைகள்

கலப்பு முறை நேர்மையை நம்பி நிற்கிறது. காணொளியை ஓடவிட்டுவிட்டு கிரிக்கெட் பார்த்தவரும், கேள்விக்கு நண்பரைக் கேட்டு விடை போட்டவரும் முதல் நாளே மாட்டிக்கொள்வார்கள். நேரடி நாட்களில் திரும்பப் பாடம் எடுக்க நேரமிருக்காது. இணையப் பாடத்தை மட்டும் முடித்துவிட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர் நீச்சலைப் புத்தகத்தில் படித்தவர். கை வேலை மறந்தும் போகும். மார்பு அழுத்தத் திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. அதனால்தான் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, பாடத்தின் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வின் மதிப்பீடு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் நாட்டுப் பாம்புகள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. பயத்தைத் தணித்து, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்களில் மாமல்லபுரம் அருகே 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் முக்கியமானவர்கள். அவர்களில் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது நமக்குப் பெருமை.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 ஜூன் மாதம் உத்தராகண்டில் சகஸ்ரதால் பாதையில் பனிப்புயலில் சிக்கிக் கர்நாடகத்திலிருந்து போன ஒன்பது பேர் இறந்தார்கள். முதலுதவி தெரிந்தால் எல்லா உயிரும் பிழைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்போது திரும்ப வேண்டும் என்று தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது பெரிய வித்தியாசம்.

ஆகவே அடுத்தமுறை அந்தக் காகிதம் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். உங்கள் வழிகாட்டிக்குக் கானக முதலுதவிச் சான்றிதழ் உண்டா, எந்த ஆண்டு பெற்றது, நேரடிப் பயிற்சி எத்தனை நாள்? ஒவ்வொரு நாளும் தூங்கும் உயரம் எவ்வளவு? ஆக்சிஜன் எடுத்துப் போகிறீர்களா? ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரோடு கீழே இறங்க யார்? பதில் சொல்லத் தடுமாறினால் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும்.

முடிந்தால் பிள்ளைகளையே இந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். மசூரியை அடுத்த லண்டூரில் உட்ஸ்டாக் பள்ளியின் ஹானிஃபில் மையம் கானக முதலுதவி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. டார்ஜிலிங், உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிலையங்களிலும் மலையேற்றத்தோடு முதலுதவி சொல்லித் தருகிறார்கள். நம் சங்கத்திலும் இருபது பேர் சேர்ந்தால் பயிற்றுநரை இங்கேயே வரவழைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தலாம்.

என் மகள் பயிற்சியை முடித்துவிட்டாள். போன வருஷம் அவள் அழைத்துப் போன குழுவில் ஒருவருக்கு இரவில் தலைவலியும் வாந்தியும் வந்தன. "டீ குடிச்சிட்டுப் படு" என்று அவள் சொல்லவில்லை. அவரை மேலே ஏற விடாமல் அங்கேயே நிறுத்தினாள். குறிப்பேட்டில் நேரம் எழுதி இரவெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்தாள். காலையில் தலைவலி குறையவில்லை என்றதும் பயணத்தைப் பாதியில் விட்டு இறக்கிவிட்டாள். உச்சியைப் பார்க்காமல் திரும்பியதில் குழுவில் சிலருக்கு மனத்தாங்கல்தான். எல்லோரும் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்கள்.