ஆர்சி சொல்லாத கதை

'ஒரே ஓனர். 12,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அவசர விற்பனை.' பழைய கார் தேடுபவர்கள் அடிக்கடி பார்க்கும் விளம்பரம் இது. விலையும் சந்தை மதிப்பைவிட லட்சக்கணக்கில் குறைவாக இருந்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வண்டி ஏற்கெனவே ஒருமுறை 'டோட்டல் லாஸ்' ஆனதாக இருக்கலாம்.

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய காரைச் சரிசெய்யும் செலவு, ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டு இழப்பீடு கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். எடுத்தவர் டிங்கரிங், பெயின்டிங் முடித்துப் பளபளவென்று சந்தைக்குக் கொண்டுவருவார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்கள் பல இந்த வழியில்தான் கைமாறின.

அமெரிக்காவில் இத்தகைய வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று குறித்துவிடுவார்கள். நம் ஆர்சியில் அப்படி எந்த முத்திரையும் விழுவதில்லை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஐடிவி 2 லட்சமாக இறங்கிவிட்ட பழைய கார், ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு வந்தாலே டோட்டல் லாஸ். முன்பக்கம் நன்றாக நசுங்கினால் போதும். ஐடிவி 9 லட்சம் உள்ள புதுசுக்கு அந்தக் கதி வர, ஆறே முக்கால் லட்சத்துக்கு மேல் சேதம் ஆகியிருக்க வேண்டும். ஆகவே டோட்டல் லாஸ் ஆன வண்டிகளில் குறைவாக ஓடியதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. சேசிஸ் வளைந்திருக்கலாம். ஏர்பேக் வெடித்த இடத்தில் வெறும் மூடி மட்டும் இருக்கலாம்.

கண்டுபிடிக்க நல்ல வழி, பழைய பாலிசிகளை வரிசையாகக் கேட்டு வாங்கி, நோ க்ளைம் போனஸைப் பார்ப்பது. ஆண்டுதோறும் 20, 25, 35 என்று ஏற வேண்டியது, அதே உரிமையாளரிடம் இருக்கும்போதே திடீரென்று பூஜ்யமானால், முந்தைய ஆண்டு க்ளைம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளச் சேறு அங்கே கோடு போட்டிருக்கும். சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுவதும் கட்டாயம். நொறுங்கிய வண்டியின் ஆவணங்களை வாங்கித் திருட்டுக் காருக்குப் பொருத்தும் கும்பல்கள் உண்டு.

சட்டம் வாங்குபவர் பக்கம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஒரு கொக்கியோடு. பொய் சொல்லி விற்றால் ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரலாம் என்கிறது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். விற்றவர் வாய் திறக்காமலே இருந்து, வாங்கியவர் சாதாரணக் கவனத்தில் உண்மையைத் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றால் அந்த உரிமை கிடைக்காது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, 'இது டோட்டல் லாஸ் ஆன வண்டியா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பதிலில் பொய் சொன்னவர் பிறகு மௌனத்தின் பின்னால் ஒளிய முடியாது.

தனிநபர் ஏமாற்றினால் சிவில் நீதிமன்றம். மோசடிக்குக் காவல் நிலையப் புகார். விற்றவர் டீலர் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம், வக்கீல் இல்லாமலும் வழக்கு நடத்தலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.